"நல்லாத்தானே நடந்து வாரீய?"

வாசகர் கேள்வி – பதில்

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளி வாகன நிறுத்தத்தில் இடம் உண்டா என்று கேட்டு நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். நன்றாக ஓடுவான். ஆனால் கார் கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் பாய்வான் என்று தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டால் தரையில் படுத்துவிடுவான். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் சக்கர நாற்காலி படம் போட்ட இடத்தில் வண்டியை விட்டேன். "பிள்ள நல்லாத்தானே நடந்து வாரான், இது நடக்க முடியாதவங்களுக்கு உள்ள இடம்லா" என்று வாட்ச்மேன் எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, பாளையங்கோட்டை

சரியில்லை. அவரைக் கோபித்தும் பயனில்லை, அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், மனநோய், அறிவுசார் குறைபாடு, காது கேளாமை, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை எல்லாம் அதில் உண்டு. பாதிக்கு மேல் பார்த்த மாத்திரத்தில் தெரியாதவை. பார்த்தால் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. தனியார் கடை என்பதால் தப்பிக்கவும் முடியாது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் சட்டம் 'பொதுக் கட்டடம்' என்றே சொல்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குறைபாடு எது என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் வெளிநாடுகளில் இருப்பதுபோல வண்டிக் கண்ணாடியில் வைத்துக்கொள்ள ஒரு நிறுத்த அனுமதி அட்டையை அது உண்டாக்கவில்லை. ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆதாரம் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. அது இல்லாமல் வாட்ச்மேனிடம் வாதாடினால் தொண்டைத் தண்ணீர் வற்றும், அவ்வளவுதான்.

அட்டை வாங்குவது இப்படி. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், முகவரிச் சான்று, ஒளிப்படம், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தலைப்பெழுத்து ஆதாரில் பின்னால், பள்ளிச் சான்றில் முன்னால் என்று மாறியிருந்தால் ஆதாரை முதலில் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். பிறகு எந்த மருத்துவமனை என்று கேட்கும். சொந்த மாவட்ட மருத்துவமனை அல்லது ஏற்கெனவே சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனை, இரண்டில் ஒன்றைத் தரலாம். தென்காசி மாவட்டத்துக்காரர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தால் அதையே குறிக்கலாம்.

ஆட்டிசத்தை ஐசா என்ற இந்திய அளவுகோலால் அளக்கிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 70 வந்தாலே 40 சதவீதக் குறைபாடு என்று கணக்கு. தவறு நடப்பது இங்கேதான். புதிய அறை, புதிய முகங்கள், பத்து நிமிடம். சில பிள்ளைகள் அந்த நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடும். சாலையோரத்தில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று அந்த அறைக்குள் யாருக்கும் தெரியாது. தெருவில், பேருந்து நிலையத்தில், வண்டியிலிருந்து இறங்கும்போது எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். பயிற்சி தருபவரிடமும் பள்ளியிலும் ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். "அடம் பிடிப்பான்" என்று எழுதினால் போதாது. "வாரத்தில் எத்தனை முறை கையை உதறிவிட்டு ஓடுகிறான், திரும்பப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும்" என்ற மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி மருத்துவ அதிகாரி 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று கருதினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மான்செஸ்டரில் இருக்கும் என் மகள், பேரனுக்கு ஆட்டிசம் என்று 'புளூ பேட்ஜ்' என்ற நிறுத்த அனுமதி அட்டை வாங்கியிருக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வரும்போது அதை இங்கே காரில் வைத்துக்கொள்ளலாமா? அங்கே எப்படி அவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்கள்?
– வாசகர், கடையநல்லூர்

இங்கே அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கடையநல்லூர் பஜாரில் அதை வாசித்துப் பார்த்து வழிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கேயும் சுலபமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் இந்த ஏற்பாடு 1971இல் ஆரஞ்சு அட்டையாகத் தொடங்கி 2000இல் நீலமானது. நெடுங்காலம் அது பெரும்பாலும் நடக்கவே முடியாதவர்களுக்கும் மிகச் சிரமப்பட்டு நடப்பவர்களுக்குமாகவே இருந்தது. இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளையும் தெளிவாகச் சேர்த்து விதி மாறியது 2019 ஆகஸ்ட் 30இல். அந்த விதியை நம்மூரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அது நோயின் பெயரைக் கேட்பதில்லை. பயணத்தின்போது என்ன நடக்கிறது என்று கேட்கிறது. நடக்க முடியவில்லையா? நடக்கும்போது மிகக் கடுமையான சிரமம் உண்டா? (கடுமையான மன உளைச்சலும் இந்தச் சிரமத்தில் சேரும்.) நடந்தால் தனக்கே பெரிய ஆபத்து வருமா? அல்லது பிறருக்கு ஆபத்து வருமா? இவற்றில் ஒன்று நீடித்து இருக்க வேண்டும். ஆட்டிசம் என்று மருத்துவர் சீட்டு கொடுத்ததனால் மட்டும் அட்டை வந்துவிடாது. உள்ளூர் கவுன்சில் விசாரித்துத்தான் தரும். கட்டணம் இங்கிலாந்தில் 10 பவுண்டு வரை, அட்டை 3 ஆண்டு செல்லும்.

இன்னொன்று. அந்த அட்டை வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. உங்கள் பேரன் இன்று அப்பா காரில் போனாலும் நாளை பக்கத்து வீட்டார் காரில் போனாலும் அட்டை கூடவே போகும். பேரன் இல்லாமல் அப்பா மட்டும் போய் அதைப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

நம்மூர் முறையில் நாங்கள் பெரிய குறையாகப் பார்ப்பது இதை ஒட்டியதுதான். இங்கே எல்லாவற்றையும் சதவீதத்தால் அளக்கிறோம். காது முழுதும் கேளாத ஒருவருக்கு 100 சதவீத அட்டை இருக்கும், கார் எங்கே நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. 45 சதவீதம் உள்ள பார்க்கின்சன் நோயாளிக்கு வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே இருபது அடி கூடினாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்தம் என்று வரும்போது சதவீதம் மோசமான அளவுகோல். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தனி நிறுத்த அட்டை வந்தால் இந்த ஒன்றையாவது இங்கிலாந்திடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு 34 வயது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். காலையில் நன்றாக நடப்பேன். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், கண் மங்கும். ஏசியில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். "வெயில் யாருக்குத்தான் ஒத்துக்குது" என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அட்டை கிடைக்குமா?
– வாசகி, மேலப்பாளையம்

கிடைக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பட்டியலில் தனியாகவே இருக்கிறது.

வெயில் விஷயம் நினைப்பல்ல. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடத்தில் மின்துடிப்பு ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்கு அந்த இடத்தில் துடிப்பு நின்றுவிடும். குளிர்ந்ததும் மீண்டும் ஓடும். அதனால் இது நோய் முற்றுவதல்ல. ஆனால் நடுரோட்டில் கால் மடங்கினால் அந்த வேறுபாடு உங்களுக்கு உதவாது. வண்டிக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் மட்டும் அளக்காதீர்கள், எத்தனை நிமிடம் வெயில் என்றும் பாருங்கள். நிழலில் 60 மீட்டர் நடப்பது வெட்டவெளியில் 25 மீட்டரைவிட உங்களுக்கு மேலாக இருக்கலாம். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே யாரையாவது ஏசியைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஈரத்துண்டைப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். வேலைகளைக் காலை பத்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் குழு முன்பு போகும்போது ஒரு எச்சரிக்கை. காலை எட்டு மணிக்குத் தெம்பாகப் போய் அறைக்குள் விறுவிறுவென்று நடந்து காட்டினால் அதைத்தான் எழுதுவார்கள். எம்ஆர்ஐ அறிக்கைகள், ஒவ்வொரு தாக்குதலின் தேதி, ஸ்டீராய்டு ஊசி போட்ட டிஸ்சார்ஜ் சீட்டு, நரம்பியல் மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். "சில நாள் சிரமம்" என்று பொதுவாகச் சொல்லாமல், கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வெளியே போய்த் திரும்ப முடியாமல் போனது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். மோசமான நாளைச் சொல்வதில் பொய்யில்லை. அந்த நாளுக்காகத்தானே அட்டை.

குறைபாட்டுச் சதவீதம் 40க்குக் கீழே வந்தால் வெள்ளைப் பட்டை அட்டை தருவார்கள். 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். வெள்ளைதானே என்று ஒதுக்கி வைக்காதீர்கள். இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் 40 சதவீதம் கட்டாயம். கட்டட வசதி பற்றிய பிரிவுகள் 40, 50 என்று எண் போடாமல் மாற்றுத்திறனாளிகள் என்றே பேசுகின்றன. வாகன நிறுத்தத்துக்கு வெள்ளை அட்டையும் காட்டத் தகுந்ததே.

அப்பாவுக்கு 61 வயது. வாரம் மூன்று டயாலிசிஸ். திரும்பும்போது துவண்டுவிடுகிறார். சிறுநீரகச் செயலிழப்புக்கு மாற்றுத்திறனாளி அட்டை உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

இல்லை. சிறுநீரக நோய், இதய நோய், நுரையீரல் நோய் மூன்றும் அந்த 21இல் கிடையாது. மறைந்த குறைபாடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டிசத்தோடு நின்றுவிடுகிறார்கள். வாசலருகே இடம் மிகத் தேவைப்படுகிற ஒரு கூட்டம் இங்கே வரிசைக்கு வெளியே நிற்கிறது. அமெரிக்காவில் 1991இலேயே மத்திய அரசு வகுத்த நிறுத்த விதியில் 200 அடி நிற்காமல் நடக்க முடியாதவர், மூன்றாம் நான்காம் நிலை இதய நோயாளி, ஒரு நொடியில் ஒரு லிட்டர் மூச்சுக்கூட ஊத முடியாத நுரையீரல் நோயாளி, ஆக்சிஜன் உருளையோடு நடமாடுபவர் எல்லாரும் அடங்குவர். வெளியே தெரிகிறதா என்ற கேள்வியே அதில் எழவில்லை.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போயிருந்தால் ஒன்று கவனியுங்கள். அதே சர்க்கரை கண்ணையும் காலையும் விட்டுவைத்திருக்காது. விழித்திரை பாதித்துப் பார்வை குறைந்திருந்தால் குறைந்த பார்வை என்ற பிரிவிலும், கால் விரலோ பாதமோ எடுக்கப்பட்டிருந்தால் அல்லது நரம்பு செத்துக் கால் வலுவிழந்திருந்தால் உடலியக்கக் குறைபாடு என்ற பிரிவிலும் மதிப்பிடக் கேட்கலாம். டயாலிசிஸ் சீட்டை மட்டும் நீட்டினால் "இதற்கு இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். கண் மருத்துவர், எலும்பு மருத்துவர் குறிப்புகளோடு போங்கள்.

அட்டை வராவிட்டாலும் நடைமுறையில் செய்யக்கூடியது உண்டு. போகும்போது அவர் தெம்பாகத்தான் இருப்பார், திரும்பும்போதுதான் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். ஆகவே போகையில் தூரத்தில் நிறுத்தினாலும் பரவாயில்லை. வருகையில் வண்டி போர்ட்டிகோவுக்குள் வர அனுமதி வேண்டும். "டயாலிசிஸ் முடிந்து வெளியேறும் நோயாளியை ஏற்ற, செவ்வாய், வியாழன், சனி" என்று கிழமை போட்டு டயாலிசிஸ் பிரிவில் ஒரு கடிதம் வாங்கிக் காவலாளி அறையில் கொடுத்து வையுங்கள். ஊசி எடுத்ததும் எழுப்பாமல் கால் மணி நேரமாவது உட்கார வைத்து, அழுத்தம் பார்த்த பிறகு இறக்குங்கள். கைத்தாங்கலாகப் பிடிக்கும்போது ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையைப் பிடிக்க வேண்டாம்.

வள்ளியூர் பக்கம் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை வண்டி இடம், என்ன அளவு? மறைந்த குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி அளவு உண்டா?
– மண்டப உரிமையாளர்

கட்டும்போதே கேட்டீர்களே, நல்லது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் சொல்வது: நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு கார் இடம். ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம். நீளம் 5 மீட்டர் விடுங்கள். கார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம். மீதியில்தான் கதவு முழுதாகத் திறந்து சக்கர நாற்காலி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இடம் நெருக்கடி என்றால் இரண்டு இடத்துக்கு நடுவே 1.2 மீட்டர் பொதுப்பாதை விட்டு, அதில் மஞ்சள் சாய்கோடு போடலாம்.

தரை சமதளமாக இருக்கட்டும். மழைத்தண்ணீர் வடிய 50க்கு 1 சரிவு போதும். அதற்கு மேல் சரிந்தால் நாற்காலி தானாக உருளும். ஜல்லி, மணல் வேண்டாம். பேவர் பிளாக் போட்டால் அடியில் நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் சமையல் சாமான் லாரி நான்கு முறை ஏறியதும் பள்ளம் விழும். படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது 12க்கு 1. வழுவழுப்பான கிரானைட்டைச் சாய்தளத்தில் ஒட்டுவது நம்மூர் மண்டபங்களின் நிரந்தர வியாதி. மழை நாளில் நல்ல காலே வழுக்கும்.

படத்தைத் தரையில் மட்டும் வரைந்தால் மேலே ஒரு கார் நின்றதும் மறைந்துவிடும். கம்பம் நட்டு, நிற்கும் காருக்கு மேலே தெரிகிற உயரத்தில் பலகை வையுங்கள். ஜெனரேட்டர், வாழைத்தார் கட்டிய வரவேற்பு வளைவு, பந்தல்காரரின் கம்புக்கட்டு, சமையல்காரர் மினிவேன் இவை நான்கும் எப்போதும் அந்த இடத்தைத்தான் தேடி வரும். பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மறைந்த குறைபாட்டுக்குச் சட்டத்தில் தனி அளவு இல்லை. எங்கள் யோசனை இது. இதயம் பலவீனமானவருக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் 3.6 மீட்டர் அகலம் தேவையில்லை, அவர்களுக்கு வேண்டியது கிட்ட இருப்பது. அகலமான இரண்டையும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டருக்கும் விட்டுவிட்டு, அதை அடுத்துச் சாதாரண அகலத்தில் (2.5 மீட்டர்) இரண்டு மூன்று இடங்களை 'நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு' என்று ஒதுக்குங்கள். தகுதியை அகலமாக்கிவிட்டு இடத்தை இரண்டாகவே வைத்திருந்தால் சக்கர நாற்காலிக்காரரும் ஆட்டிசப் பிள்ளையின் தாயும் ஒரே இடத்துக்குச் சண்டை போட வேண்டிவரும். இவற்றில் ஒன்றாவது ஜெனரேட்டருக்கும் மேளக்காரர் மேடைக்கும் எதிர்ப்பக்கம், வண்டி ஓடும் பாதையைக் கடக்காமல் வாசலுக்கு வருகிற மாதிரி இருக்கட்டும். ஒன்றுக்காவது கூரை போடுங்கள். மேலப்பாளையம் வாசகியின் கடிதத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

பலகையில் எழுத ஒரு வாசகம்: "மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். எல்லாக் குறைபாடும் வெளியே தெரியாது. அட்டை இருந்தால் போதும்."

நான் கார் பார்க்கிங் குத்தகை எடுத்து நடத்துகிறேன். சும்மா வந்து "எனக்கு உள்ளுக்குள்ள கோளாறு" என்று சொல்லி நிறுத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணாச்சி?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அட்டையைப் பார்த்தால் போதும். "அட்டை இருக்கா சார்?" என்ற ஒரே கேள்வி. என்ன கோளாறு, எப்போதிருந்து, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதெல்லாம் உங்கள் வேலையல்ல. அட்டையில் படம் இருக்கும், அந்த ஆள் வண்டியில் இருக்கிறாரா என்று பாருங்கள். போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் ஏற்கலாம். அட்டையில்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் சட்டம் பேசாமல் இறக்கிவிட்டுப் போக வழிவிடுங்கள்.

கட்டணம் வாங்கலாமா என்று இன்னொரு குத்தகைதாரர் கேட்டிருக்கிறார். அது உங்கள் குத்தகை ஒப்பந்த நிபந்தனையில் இருக்கும். வாசகர்களும் அதைப் பார்க்கலாம். உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்டிஐ மனு கொடுத்து ஒப்பந்த நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடையில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் விற்கிறார்கள். ஒட்டினால் போதாதா?
– வாசகர், சங்கரன்கோவில்

போதாது. யாரும் வாங்கி ஒட்டலாம் என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. அசல் அட்டையையும் டாஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், நம்மூர் வெயிலுக்கு ஒரு கோடையிலேயே நெளிந்து எழுத்து வெளுத்துவிடும். நகல் எடுத்து, 18 இலக்க எண்ணில் கடைசி நான்கைத் தவிர மற்றதையும் முகவரியையும் மறைத்து, லேமினேட் செய்து கண்ணாடியில் வையுங்கள். குறைபாட்டின் வகையையும் மறைத்துக்கொள்ளலாம், தெருவில் போகிற எல்லாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. அசலைக் கையில் வைத்திருங்கள்.

போலி அட்டை பற்றிக் கேட்டவர்களுக்கு: 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சலுகையை ஏமாற்றிப் பெற்றாலோ பெற முயன்றாலோ உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அட்டை இருந்தால் நாங்குநேரி டோல்கேட்டில் கட்டணம் உண்டா?
– வாசகர், களக்காடு

உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008இல் உள்ள விலக்கு, உடல் குறைபாடு உள்ளவருக்கென்று பிரத்தியேகமாக வடிவமைத்த வண்டிக்குத்தான். ஆட்டிசப் பிள்ளையை ஏற்றிப்போகும் சாதாரண காருக்குக் கிடைக்காது. மாற்றியமைத்த வண்டியாக இருந்து, ஆர்சி புத்தகத்திலும் அது பதிவாகியிருந்தால், நெடுஞ்சாலை ஆணையத்திடம் விலக்கு ஃபாஸ்டாக் கேட்டு விண்ணப்பிக்கலாம். டோல்கேட்டில் நின்று வாதாடிப் பயனில்லை.

புது வண்டி வாங்குகிறவர்கள் வண்டிப் பதிவுக்கான படிவம் 20இல் உரிமையாளர் வகையில் 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்து அந்தக் கட்டம் இருக்கிறது. ஷோரூமில் கேட்காவிட்டால் நிரப்பமாட்டார்கள்.

ஒரு பெரிய கட்டடத்தில் மாற்றுத்திறனாளி இடமே விடவில்லை. யாரிடம் சொல்வது?
– வாசகர், பேட்டை

முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். 15 நாள் பார்த்துவிட்டு மாநகராட்சி ஆணையருக்கும், திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். மனுவை "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று முடித்தால் அது மேசை மேசையாகப் போய் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு கடிதமாகத் திரும்பும். இப்படி எழுதுங்கள்: "உரிமைச் சட்டம் 2016, பிரிவு 44, 45இன்படி இந்தக் கட்டடத்தில் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் 3.6 மீட்டர் அகலத்தில் இரண்டு நிறுத்த இடம் இல்லை. இந்தத் தேதியில் எடுத்த ஒளிப்படம் இணைப்பு. ஆய்வு செய்து அறிக்கையின் நகலை எனக்குத் தர வேண்டும்." கேட்பது இன்னதென்று தெளிவாக இருந்தால்தான் பதில் சொல்ல வேண்டியவர் மாட்டுவார்.

அங்கும் நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அதே காகிதங்களோடு அனுப்பலாம். சட்டத்தை மீறியதற்கு 89ஆம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் சொல்லியிருப்பதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

அப்பாவின் அட்டை இருக்கிறது. அவருக்கு மருந்து வாங்க நான் மட்டும் போகிறேன். அந்த இடத்தில் நிறுத்தலாமா?
– வாசகர், தென்காசி

கூடாது. அவர் வண்டியில் இருக்க வேண்டும், அல்லது அவரை ஏற்றிக்கொள்வதற்காகவாவது நீங்கள் வந்திருக்க வேண்டும். அவர் கூட வரும்போதும், வாசலில் இறக்கி உள்ளே உட்கார வைத்துவிட்டு வண்டியைத் தள்ளி விட முடிகிறதென்றால் அப்படிச் செய்யுங்கள். தானே ஓட்டிக்கொண்டு தனியாக வருகிறவருக்கு இறக்கிவிட ஆளில்லை.